எட்டுச் செல்களில் ஒன்று

நுழையும்முன்

குழந்தைப்பேறு வேண்டிச் செயற்கைக் கருவூட்டல் சிகிச்சை பெறுவோர் இன்று பலர். அச்சிகிச்சையில் உடலுக்கு வெளியே உருவாகும் கருவைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பே அதன் மரபணுக்களை ஆராய்ந்து பார்க்க இயலும். தலைமுறை தலைமுறையாகத் தொடரும் நோயைக் கண்டு அஞ்சி வாழும் குடும்பங்களுக்கு இச்சோதனை பெருந்துணை. எந்தக் கரு பிறக்கலாம், எது பிறக்க வேண்டாம் என்று முடிவு செய்யும் பொறுப்பையும் அதே சோதனை மனிதர் கையில் தந்துவிடுகிறது. அது தோன்றிய வரலாற்றையும் இயங்கும் முறையையும் நம் நாட்டுச் சட்டம் அதற்கு வகுத்த எல்லையையும் இப்பாடத்தில் காண்போம்.

லண்டனில் ஒரு காலை

1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் சில பக்கங்களே கொண்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளிவந்தது. லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த ஆலன் ஹேண்டிசைடும் அவருடைய குழுவினரும் எழுதிய கட்டுரை அது. செயற்கைக் கருவூட்டல் வழியாகப் பெண்கள் இருவர் கருவுற்றுள்ளனர். இருவர் வயிற்றிலும் இரட்டைப் பெண் குழந்தைகள் வளர்கின்றன என்று அது அறிவித்தது. இரட்டைக் குழந்தைகள் உண்டாவது அச்சிகிச்சையில் அன்றும் புதிதன்று. அவை பெண் குழந்தைகள் என்பதைக் கருப்பையில் வைப்பதற்கு முன்பே மருத்துவர்கள் அறிந்திருந்தனர், அறிந்தே தேர்ந்தெடுத்தனர். உலகம் வியந்தது இதற்காகத்தான்.

பெண் கருவை ஏன் தேர்ந்தனர்? அவ்விரு குடும்பங்களிலும் ஆண் குழந்தைகளை மட்டும் தாக்கும் பரம்பரை நோய்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று அட்ரினோலூகோடிஸ்ட்ரோஃபி. மூளை நரம்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை சிதைந்துபோவதால் உண்டாகும் நோய் இது. நன்றாக ஓடியாடிக்கொண்டிருந்த சிறுவன் பள்ளி செல்லும் வயதில் மெல்ல மெல்லப் பார்வையையும் கேட்கும் திறனையும் நடையையும் இழப்பான். இந்நோய்க்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் அமைந்துள்ளது. பெண்ணிடம் எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு உள்ளமையால் ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று பெரும்பாலும் ஈடு செய்துவிடும். ஆணிடம் இருப்பதோ ஒன்றே. ஆகவே, பழுதுற்ற மரபணுவைக் கடத்தும் தாய்க்குப் பிறக்கும் ஆண் குழந்தைகளுள் சரிபாதிப் பேர்க்கு நோய் வர வாய்ப்புண்டு; பெண் குழந்தைகள் பெரிதும் தப்பிவிடுவர்.

அதுவரை அத்தகைய தாய்மார்க்கு ஒரே வழிதான் இருந்தது. கருவுற்று, மூன்று அல்லது நான்கு மாதம் காத்திருந்து, கருவைச் சூழ்ந்த நீரையோ நச்சுக்கொடித் திசுவையோ எடுத்துச் சோதிக்க வேண்டும். கரு ஆண் என்று தெரிந்தால் கலைத்துவிடுவதா, துணிந்து பெற்றெடுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். நோயுற்ற ஒரு மகனைப் பறிகொடுத்த தாய், அடுத்த கருவை இருமுறை மும்முறை கலைத்துக்கொள்ளும் நிலை அரிதன்று. வயிற்றில் அசைவு தெரியத் தொடங்கும் காலத்தில் எடுக்க வேண்டிய அம்முடிவை, கருப்பைக்குள் கரு நுழைவதற்கு முன்பே எடுக்கச் செய்ததுதான் ஹேமர்ஸ்மித் குழுவினர் கண்ட புதுமை.

ஒரு செல் சொன்ன விடை

கருமுட்டையும் விந்தணுவும் இணைந்த மூன்றாம் நாளில் கரு ஆறு முதல் எட்டுச் செல்கள் கொண்ட சிறு உருண்டையாக இருக்கும். முற்றுப்புள்ளியினும் சிறியது. அக்கட்டத்தில் எல்லாச் செல்களும் ஏறத்தாழ ஒரே தன்மையின. அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டாலும் எஞ்சியவை அக்குறையை நிரப்பிக்கொண்டு வளர வல்லவை. கருவைச் சுற்றியுள்ள உறையில் நுண்ணிய துளையிட்டு, மெல்லிய கண்ணாடிக் குழலால் ஒரு செல்லை மட்டும் உறிஞ்சி எடுத்தனர்.

ஒரு செல்லில் அடங்கிய டி.என்.ஏ.வின் அளவு மிகச் சொற்பம். அதனை நேரடியாக ஆராய்தல் அக்காலத்தில் இயலாது. இங்கேதான் மற்றொரு கண்டுபிடிப்பு கைகொடுத்தது. 1983இல் அமெரிக்க வேதியியலர் கேரி முல்லிஸ் உருவாக்கிய பாலிமரேஸ் சங்கிலி வினை, டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட ஒரு துண்டை ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக, நான்கு எட்டாகப் பெருக்கிக்கொண்டே செல்லும். கொரோனாக் காலத்தில் நாம் அடிக்கடி கேள்விப்பட்ட அதே சோதனைதான். ஒய் குரோமோசோமில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் ஒரு துண்டை ஹேண்டிசைடு குழுவினர் பெருக்கிப் பார்த்தனர். அத்துண்டு தென்பட்டால் கரு ஆண், தென்படாவிட்டால் பெண். காலையில் செல்லை எடுத்து, மாலைக்குள் விடை கண்டு, அன்றே பெண் கருக்களைத் தாயின் கருப்பையில் வைத்தனர்.

இம்முறையின் குறையை நாமே ஊகித்தறியலாம். 'தென்படவில்லை' என்பதையே 'பெண்' என்னும் விடையாகக் கொள்கிறது இச்சோதனை. எடுத்த செல் குழாயில் விழாமல் தவறியிருந்தாலும், வினை சரிவர நிகழாதிருந்தாலும் அப்போதும் ஒன்றும் தென்படாது; ஆண் கருவும் பெண்ணெனக் கொள்ளப்பட்டுவிடும். ஆய்வாளர்கள் இதனை அறியாதவர்கள் அல்லர். எக்ஸ், ஒய் ஆகிய இரண்டையும் ஒளிரும் சாயங்களால் நேரே காட்டும் முறை பின்னர் வந்தது. நோயை உண்டாக்கும் மரபணுவையே நேரடியாகச் சோதிக்கும் முறையும் அதையொட்டி வளர்ந்தது. நுரையீரலைத் தாக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோய் இல்லாக் கருவை அதே குழுவினர் தேர்ந்தெடுக்க, அக்குழந்தை பிறந்த செய்தி 1992இல் வெளிவந்தது. ஆணா பெண்ணா என்று பார்த்து நோயை ஊகிக்கும் தேவை அதன்பின் படிப்படியாகக் குறைந்தது.

1990 ஏப்ரல் மாதத்திற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மனிதக் கருக்களை ஆய்வுக்கு உட்படுத்துவதைத் தடை செய்யலாமா என்று பிரித்தானிய நாடாளுமன்றம் அப்போதுதான் வாதிட்டுக்கொண்டிருந்தது. ஹேண்டிசைடின் கட்டுரை வெளிவந்த சில நாள்களில் வாக்கெடுப்பு நடந்தது. கருவுற்ற 14 நாள்கள்வரை உரிய உரிமம் பெற்று ஆய்வு செய்யலாம் என்னும் பக்கமே வென்றது. தடை வந்திருந்தால் இப்பாடத்தின் எஞ்சிய பகுதிக்கே இடமிருந்திராது.

முயலில் தொடங்கிய முயற்சி

கருவைச் சோதிக்கும் எண்ணம் சோதனைக்குழாய்க் குழந்தைக்கும் மூத்தது என்றால் பலர் நம்பத் தயங்குவர். ராபர்ட் எட்வர்ட்சும் அவருடைய மாணவர் ரிச்சர்ட் கார்ட்னரும் 1968இலேயே முயலின் கருவிலிருந்து சில செல்களை எடுத்து, அது ஆணா பெண்ணா என்று கண்டறிந்தனர். பின்னர்க் கருவைத் தாய் முயலின் வயிற்றில் வைத்து வளர்த்து, தாங்கள் கண்டது சரியே என மெய்ப்பித்தனர். அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1978 ஜூலை 25ஆம் நாள், எட்வர்ட்சும் மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவும் ஆய்வகத் துணைவர் ஜீன் பர்டியும் மேற்கொண்ட முயற்சியால் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தின் ஓல்டாம் நகரில் பிறந்தது. நோபல் பரிசு 2010இல்தான் வந்தது. அது எட்வர்ட்சுக்கு மட்டுமே கிடைத்தது. மற்ற இருவரும் அதற்குள் மறைந்துவிட்டனர்.

அதே 1978 அக்டோபர் 3ஆம் நாள் கொல்கத்தாவில் மற்றொரு சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்ததாக மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய் அறிவித்தார். கருவை உறைநிலையில் பாதுகாத்து வைத்திருந்து பின்னரே கருப்பையில் வைத்ததாகவும் கூறினார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981இல் மறைந்தார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தையை 1986இல் உருவாக்கியவர் என்று அதுவரை போற்றப்பட்ட அறிவியலர் டி.சி. ஆனந்த்குமாரே, முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்தபின், அம்முதன்மை தமக்கு உரியதன்று என்று 1997இல் எழுதினார். தமக்குக் கிடைத்த பெருமையைத் தாமே மற்றொருவர்க்கு எடுத்துக் கொடுத்த நிகழ்வு அறிவியல் வரலாற்றில் அரிது.

முகோபாத்யாய் கூறிய உறைநிலைப் பாதுகாப்பு இன்று அன்றாட வழக்கம். மூன்றாம் நாளில் ஒரு செல்லை எடுக்கும் முறையைப் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர். ஐந்தாம் அல்லது ஆறாம் நாளில் கரு நூற்றுக்கு மேற்பட்ட செல்கள் கொண்ட கோளமாக வளர்ந்திருக்கும். அதில் உட்புறம் திரண்டிருக்கும் செல்களே பின்னர்க் குழந்தையாகும். வெளியடுக்குச் செல்கள் நச்சுக்கொடியாகும். இவ்வெளியடுக்கிலிருந்து ஐந்து முதல் பத்துச் செல்களை மட்டும் எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்புவர். விடை வர நாள்கள் பல ஆகும் என்பதால் கருவைத் திரவ நைட்ரஜனில் −196 டிகிரி செல்சியஸில் உறைய வைத்துக் காத்திருப்பர்.

எண்ணிப் பார்க்கும் சோதனை

ஒரே பெயரால் வழங்கினும் இச்சோதனை இருவகைப்படும். தம் குடும்பத்தில் இன்ன நோய் உண்டு எனத் தெளிவாக அறிந்தவர்கள், அந்த ஒரு நோயின் மரபணுவை மட்டும் தேடச் செய்வது முதல்வகை. இதுவரை நாம் பார்த்தது அதுவே. குடும்பத்தில் நோய் ஏதும் இல்லாதவர்களின் கருவிலும் குரோமோசோம்கள் 46 சரியாக உள்ளனவா என எண்ணிப் பார்ப்பது இரண்டாம் வகை. கூடுதலாக ஒன்றோ குறைவாக ஒன்றோ இருப்பின் அக்கரு பெரும்பாலும் நிலைக்காது. நிலைத்தால், 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருக்கும் டவுன் நோய்க்குறித்தொகுப்பு போன்றவை உண்டாகும். தாயின் வயது ஏற ஏற இத்தகைய பிழைகள் மிகுகின்றன. எனவே, பிழையுள்ள கருக்களை விலக்கிவிட்டால் சிகிச்சை மிகுதியாக வெற்றி பெறும் என்று எதிர்பார்ப்பது இயல்பே.

எதிர்பார்ப்பு சரியா என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் பார்த்தனர். 35 முதல் 41 வயது வரையிலான 408 பெண்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவினரின் கருக்களை மட்டும் சோதித்தனர். முடிவு 2007இல் வெளிவந்தது. சோதனை செய்யாத குழுவில் நூற்றுக்கு 37 பேர் கருவுற்று அது நிலைத்தது. சோதனை செய்த குழுவிலோ 25 பேரே. நன்மை செய்யும் என்று கருதியது தீமை செய்திருந்தது. மூன்றாம் நாளில் செல்லை எடுத்ததும், சில குரோமோசோம்களை மட்டுமே எண்ணியதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்பட்டன. ஐந்தாம் நாள் முறை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய முறையைச் சீன ஆய்வாளர்கள் 1,212 பெண்களிடம் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவும் படிக்கத் தக்கது. கருச்சிதைவு ஓரளவு குறைந்தது. எனினும், குழந்தை பெற்றவர்கள் சோதனைக் குழுவில் நூற்றுக்கு 77.2, சோதனை இல்லாத குழுவில் 81.8. அப்பெண்கள் இளவயதினர்; நல்ல கருக்கள் பல உடையவர்கள். அத்தகையோர்க்கு இச்சோதனையால் கூடுதலாகக் குழந்தை கிடைத்துவிடவில்லை. கருவில் இல்லாத நலத்தைச் சோதனையால் உண்டாக்க முடியாது. இருக்கும் கருக்களுள் சிலவற்றை ஒதுக்க மட்டுமே முடியும். இவ்வளவு எளிய உண்மை, சிகிச்சைக்கு வந்து ஏக்கத்தோடு அமர்ந்திருப்போரிடம் எப்போதும் தெளிவாக எடுத்துரைக்கப்படுகிறதா என்பது ஐயமே.

ஒதுக்குவதிலும் பிழை நேரக்கூடும். ஒரே கருவில் சில செல்கள் சரியாகவும் சில பிழையாகவும் கலந்திருப்பது உண்டு. எடுத்த ஐந்தாறு செல்கள் முழுக் கருவின் நிலையைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை. இத்தாலியில் இத்தகைய கலப்புக் கருக்களைப் பதினெட்டுப் பெண்களின் கருப்பையில் வைத்துப் பார்த்தனர். நலமான குழந்தைகள் ஆறு பிறந்தன என்று 2015இல் அறிவித்தனர். அதற்கு முன் எத்தனையோ இடங்களில் அவ்வகைக் கருக்கள் பழுது என்று ஒதுக்கப்பட்டிருக்கும்.

அங்கே தேர்ந்தது, இங்கே தடுத்தது

ஹேமர்ஸ்மித் மருத்துவர்கள் முதன்முதலில் தேர்ந்தெடுத்தவை பெண் கருக்கள். அதே சோதனை வேறு எண்ணத்தோடு பயன்படுத்தப்பட்டால் என்ன நேரும் என்பதை இந்தியாவில் எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. கருவின் குறைகளைக் கண்டறிவதற்காக 1970களில் இந்நாட்டுக்கு வந்த பனிக்குட நீர்ச் சோதனை, சில ஆண்டுகளிலேயே பெண் கருவை அறிந்து அழிக்கும் கருவியாக மாறியது. தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கப்பட்டதும் அதே காலம். ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரம் பேர்க்கு, 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 945 பெண் குழந்தைகள் இருந்தனர். 2001இல் 927 ஆயினர்.

1994இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், கருவுற்ற பின் செய்யப்படும் சோதனைகளை மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. கருப்பைக்கு வெளியிலேயே ஆண் கருவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வழி அச்சட்டத்தின் பிடிக்கு வெளியே நின்றது. இதனையும், இருந்த சட்டமே செயற்படுத்தப்படாமல் கிடந்ததையும் சுட்டிக்காட்டி, சாபு ஜார்ஜும் இரண்டு தன்னார்வ அமைப்புகளும் 2000இல் உச்ச நீதிமன்றத்தை நாடினர். அதன் பயனாகச் சட்டம் திருத்தப்பட்டு 2003 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 'கருத்தரிப்புக்கு முன்' என்னும் சொற்கள் சட்டத்தின் பெயரிலேயே சேர்ந்தன. சட்டம் சோதனையை முற்றாகத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். குரோமோசோம் பிழைகள், இரத்தச் சிவப்பணு சார்ந்த பரம்பரை நோய்கள், பாலினம் சார்ந்து கடத்தப்படும் நோய்கள் முதலியவற்றைக் கண்டறிய இடமளித்தது. லண்டனில் செய்ததுபோல் நோயைத் தவிர்க்கப் பாலினம் பார்க்கலாம். மகன் வேண்டும் என்பதற்காகப் பார்க்கலாகாது.

இனப்பெருக்கத் துணைத் தொழில்நுட்பங்களை ஒழுங்குபடுத்த 2021இல் வந்த தனிச் சட்டமும் இக்கோட்டையே மேலும் அழுத்தமாக இட்டது. கருவில் மரபணுச் சோதனையை, முன்பே அறியப்பட்ட பரம்பரை நோய்களைக் கண்டறிவதற்கென அது வரையறுத்தது. விரும்பிய பாலினத்தில் குழந்தை தருவதாகச் சொல்லும் மருத்துவமனைக்குக் கடுஞ்சிறைக்கும் பெருந்தண்டத்திற்கும் வழி செய்தது. ஆய்வக அறிக்கையில் 46 குரோமோசோம்களையும் எண்ணிவிட்டு, கரு ஆணா பெண்ணா என்பதை மட்டும் மறைத்துத் தரும் வழக்கம் நம் நாட்டில் இதனால் வந்தது. இயந்திரத்திற்குத் தெரியும், அறிக்கையில் இராது.

பதினாறில் மூன்று

நோயற்ற கருவைத் தேர்வதோடு நில்லாமல், ஏற்கெனவே நோயுற்றிருக்கும் ஒரு குழந்தைக்கு உதவக்கூடிய கருவையும் தேர்ந்தெடுக்கலாம் என்னும் நிலை 2000இல் வந்தது. அமெரிக்காவில் ஃபான்கோனி இரத்தச்சோகையால் துன்புற்ற ஆறு வயதுச் சிறுமிக்கு, அவ்வாறு தேர்ந்து பிறந்த தம்பியின் தொப்புள்கொடி இரத்தம் செலுத்தப்பட்டது, அவள் பிழைத்தாள். இந்தியாவில் குஜராத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் மகன் தலசீமியாவால் துன்புற்றான். தலசீமியா உடைய குழந்தையின் உடல் போதிய ஹீமோகுளோபினை உருவாக்காது. சில வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றியாக வேண்டும். குடும்பத்தில் எவருடைய எலும்பு மஜ்ஜையும் அவனுக்குப் பொருந்தவில்லை. கருவிலேயே நோயின்மையும் திசுப்பொருத்தமும் பார்த்துத் தேர்ந்த தங்கை 2018இல் பிறந்தாள். 2020 மார்ச்சில் அவளுடைய எலும்பு மஜ்ஜை அண்ணனுக்கு அளிக்கப்பட்டது.

இது எத்துணை அரிது என்பதை வகுப்பறையிலேயே கணக்கிடலாம். தாய் தந்தை இருவரும் தலசீமியாவைக் கடத்துபவர்களாயின் ஒரு கரு நோயின்றி இருக்கும் வாய்ப்பு நான்கில் மூன்று. உடன்பிறந்தவரோடு திசு முற்றிலும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டும் ஒருங்கே அமைய வேண்டுமெனில் பெருக்கிப் பார்க்க வேண்டும். விடை பதினாறில் மூன்று. பதினாறு கருக்கள் ஒரு சுற்றுச் சிகிச்சையில் கிடைப்பதே அரிது. கிடைத்து, அவற்றுள் மூன்று தேறினாலும் கருப்பையில் வைத்த கரு தங்கும் என்னும் உறுதி இல்லை.

ஒரு குழந்தையை மற்றொரு குழந்தைக்கு மருந்தாகப் பெற்றெடுப்பதா என்று கேட்போர் உண்டு. மனிதர்கள் எப்போதும் ஏதோ ஒரு காரணத்திற்காகத்தான் பிள்ளை பெற்றனர். குலம் விளங்கவும் நிலம் உழவும் முதுமையில் தாங்கவும் பெற்றனர். அவர்களிடம் நாம் கணக்குக் கேட்டதில்லை என்பது இதற்கு மறுமொழி. இம்மறுமொழி பெரும்பகுதி ஏற்கத்தக்கதே. ஆயினும், தொப்புள்கொடி இரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் ஒன்றாகக் கொள்ள முடியாது. முன்னது எப்படியும் எறியப்படுவது. பின்னதைப் பெற, பேசவும் தெரியாத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பில் ஊசி செலுத்த வேண்டும். அதற்கு ஒப்புதல் தருவோர் பெற்றோர். அவர்களோ நோயுற்ற குழந்தைக்கும் பெற்றோர். அக்கையொப்பம் இடுகையில் இரு குழந்தைகளுக்கும் சமமாக நின்று எண்ணிப் பார்ப்பது எவர்க்கும் எளிதன்று.

செலவு பல இலட்சம் ரூபாய் என்பதையும் மறக்கலாகாது. தலசீமியாவைக் கடத்துபவரா என்பதை எளிய இரத்தப் பரிசோதனையாலேயே அறியலாம். சைப்ரஸ் தீவில் திருமணத்திற்கு முன் அப்பரிசோதனையை வழக்கமாக்கி, நோயுற்ற குழந்தைகள் பிறப்பதைப் பெரிதும் குறைத்துவிட்டனர்.

அறிய விரும்பாதவர்

ஹண்டிங்டன் நோய் பெரும்பாலும் முப்பது முதல் ஐம்பது வயதுக்குள் தலைகாட்டும். உடல் கட்டுப்பாடின்றி அசையத் தொடங்கும், பின்னர் நினைவும் அறிவும் தேயும், முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. தாய் தந்தையருள் ஒருவர்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. இந்நோயின் மரபணுவைத் தேடிய அமெரிக்க அறிவியலர் நான்சி வெக்ஸ்லரின் தாயும் இந்நோயால் இறந்தவரே. 1993இல் மரபணு கண்டறியப்பட்டது. அதற்கு முன்னின்று உழைத்த வெக்ஸ்லர், தமக்கு அது உண்டா என்று அறியும் சோதனையை ஆண்டுக்கணக்கில் செய்துகொள்ளவே இல்லை.

அவரைப்போல் தம் எதிர்காலத்தை அறிய விரும்பாத ஒருவர், தம் குழந்தைக்கு மட்டும் இந்நோய் வரக்கூடாது என எண்ணினால் என்ன செய்வது? கருக்களைச் சோதித்து நோயற்றவற்றை மட்டும் வைத்துவிட்டு, பெற்றோரிடம் எதுவும் சொல்லாமல் இருக்கலாம். கேட்க எளிதாகத் தோன்றும் இவ்வழி நடைமுறையில் இடருடையது. தேறிய கரு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் அச்சொல்லே உண்மையை உணர்த்திவிடும். மாறாக, அவருக்கு அம்மரபணு இல்லவே இல்லை என்று ஆய்வகம் கண்டுவிட்டால், மருத்துவர் அதனை வெளியிடாமல், தேவையற்ற சிகிச்சையை அடுத்தடுத்துச் செய்துகொண்டே இருக்க நேரும். பல நாட்டு மருத்துவர்கள் இவ்வழிக்குத் தயங்குவது இதனால்தான். அவர்கள் கூறும் மாற்றுவழி வேறு. நோயுற்ற தாத்தா அல்லது பாட்டியிடமிருந்து வந்த குரோமோசோம் பகுதி கருவில் உள்ளதா என்று மட்டும் பார்த்து, அஃதுள்ள கருக்களை விலக்கிவிடுவது. இதில் பெற்றோரின் நிலை எவர்க்கும் தெரியாது, மருத்துவர்க்கும் தெரியாது. ஆனால் விலக்கப்படும் கருக்களுள் நோயே இல்லாதவையும் இருக்கக்கூடும். தந்தையின் மன அமைதிக்காக நலமான கருக்களும் கைவிடப்படுகின்றன.

ஐந்து கருக்கள்

தலசீமியாவைக் கடத்தும் இணையர் ஒருவர்க்கு ஐந்து கருக்கள் கிடைத்தன என்று கொள்வோம். அறிக்கை வருகிறது. ஒன்றில் நோய், மூன்று கடத்துபவை, ஒன்றில் பழுதுற்ற மரபணுவே இல்லை. நோயுள்ளதை விலக்குவதில் அவர்களுக்குத் தயக்கம் இராது. எஞ்சிய நான்கில் எதனை முதலில் வைப்பது? மரபணுப் பழுதே இல்லாத அந்த ஒன்றைத்தான் என்று பலரும் உடனே கூறுவர். ஆனால் நுண்ணோக்கியில் அது மெலிவாக வளர்ந்திருக்கலாம். கருப்பையில் தங்கும் வாய்ப்பு கடத்தும் கருக்களுக்கே மிகுதியாக இருக்கலாம். கடத்தும் கருவிலிருந்து பிறக்கும் குழந்தை நலமாகவே வாழும், பள்ளி செல்லும், விளையாடும், முதுமை எய்தும். தாயும் தந்தையும் அப்படி வாழ்பவர்களே. 'எங்களைப்போல் ஒரு குழந்தை வேண்டாம்' என்று அவர்கள் சொல்வதாகுமா அது? அல்லது, நாளை அக்குழந்தையும் இதே மேசையின் முன் இதே அறிக்கையோடு வந்து அமரக்கூடாது என்று விரும்புவதா? மருத்துவர் வாய்ப்புகளை எண்களாகச் சொல்ல முடியும்; மரபணு ஆலோசகர் கேள்விகளைத் தெளிவுபடுத்த முடியும். சட்டம் இதில் எதுவும் சொல்லவில்லை.

அவர்கள் ஒன்றைத் தேர்ந்து கருப்பையில் வைத்தபின் எஞ்சியவை திரவ நைட்ரஜன் கலனில் இருக்கும். இந்தியச் சட்டப்படி பத்து ஆண்டுகள்வரை அவற்றைப் பாதுகாக்கலாம். அதன்பின் அழிய விட வேண்டும். அல்லது இணையர் ஒப்புதலோடு ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கான படிவத்தில் அவர்கள் இருவரும் கையொப்பமிட வேண்டும்.